பாசி மேடமும் அண்ணாந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பும்

தாவரவியல் துறைக்குப் போய்ப் பாசி மேடம் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளியே எழுந்து வந்து வழி காட்டிவிடுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டீர்களோ, "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே" என்று உதட்டைப் பிதுக்குவார். பட்டப்பெயர் அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. குளத்துப் பாசி, குட்டைப் பாசி, குழாயடியில் ஆளை வழுக்கிவிடும் பாசி என்று ஆயுளில் பாதியை அதிலேயே கழித்தவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

கைப்பையைத் திறந்தால் சீப்பும் சில்லறையும் இருக்கிறதோ இல்லையோ, மூடி இறுகிய இரண்டு சின்ன பாட்டிலும் ஒரு சொட்டுக்குழாயும் கட்டாயம் இருக்கும். மழை விட்ட மறுநாள் ஊரே பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டிக் குதித்துப் போகும். மேடம் அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அப்படிக் குந்தியிருந்தபோது, பாவம் கம்மல் தொலைந்துவிட்டது போல என்று இரண்டு பெண்கள் கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு அக்கறையாகத் தேடுகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல மேடத்துக்கு வாய் வரவில்லை. "கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாய்த்துடுக்கு உள்ள மனுஷன். "ஊருல எல்லாரும் மேல போகணும்னு என்னைத் தேடுறாங்க. என் பெண்டாட்டி ஒருத்திதான் குனிஞ்சு கீழயே பார்த்துட்டு இருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சொல்வானே தவிர, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்கப் பச்சைத் தண்ணீர் பாட்டில்களாக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை முகம் சுளித்தது இல்லை. முகம் சுளித்தது நாத்தனார்தான். ஒருமுறை தங்க வந்தவள், உதவி செய்கிற நினைப்பில் எல்லா பாட்டிலையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "அண்ணி, ஃப்ரிட்ஜை இப்படியா வெச்சிருக்கிறது? எல்லாம் பாசி புடிச்சுப் போய்க் கிடந்துச்சு!" என்று அவள் பெருமையாகச் சொன்னபோது மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மாத உழைப்பு சாக்கடையில் போயிருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றவள், நாத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் குட்டையைத் தேடிப் போனாள். கோபம் வந்தாலும் தங்காது, அதுதான் அவளிடம் உள்ள கோளாறு.

அவள் படித்ததும் இதே துறையில்தான். அப்போது உருப்படியான மைக்ராஸ்கோப் என்று ஒன்றே ஒன்று, ஜன்னல் ஓரத்து மேஜையில் உறை போட்டு வைத்திருப்பார்கள். ஒல்லியாக ஒரு செய்முறை ஆசிரியர் இருந்தார். அவர்தான் கண்ணாடிச் சில்லை, அதாவது ஸ்லைடை, எடுத்து வைப்பார். அவரே திருகைத் திருகிச் சரிசெய்வார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். "வரிசையா வாங்க. பாருங்க. எதையும் தொடாதீங்க." ஒவ்வொருத்தராகப் போய்க் குனிய வேண்டும். எந்தக் கண்ணை மூடுவது, எந்தக் கண்ணைத் திறப்பது என்று தீர்மானிப்பதற்குள், "தெரியுதா?" என்று கேட்பார். "தெரியுது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆள்.

மேடம் அதில் முதலில் பார்த்தது தன்னுடைய இமை முடியைத்தான். இரண்டாவது தடவை அதுவும் இல்லை, வெறும் வெளிச்சம். இரண்டு தடவையும் "தெரியுது சார்" என்றாள். வேறு என்ன சொல்வது? ஒருநாள் முன்னால் நின்ற பெண் ஒருத்தி வெள்ளந்தியாக, "எனக்குத் தெரியலை சார்" என்று சொல்லிப்போட்டாள். "எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் என்ன? போய்க் கண் டாக்டரைப் பாரு" என்றார் ஆசிரியர். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் எவருக்கு வாய் வரும்? புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து அழகாக வரைந்து, வண்ணம் தீட்டி, எல்லாரும் தேறிவிட்டார்கள். மேடமும் தேறினாள், அதுவும் நல்லபடியாகவே தேறினாள்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு, ஆள் இல்லாத ஒரு மத்தியானம், அந்தத் திருகைத் தன் கையாலேயே மெல்லத் திருப்பிப் பார்த்தாள். மங்கலாக இருந்தது ஒரு நொடியில் தெளிந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை நாடாவைச் சுருட்டி வைத்தது போல ஒரு பாசி இழை. கையை அசைத்தால் அது நகர்ந்தது. திருகை அசைத்தால் அதன் ஆழம் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன அவளுக்கு. இத்தனை வருஷமாகத் தான் படித்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான், பார்த்தது இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நான் வாத்தியார் ஆனால் என் பிள்ளைகளை இப்படி அனுப்ப மாட்டேன், அவர்கள் கையால் அவர்களே பார்க்கட்டும் என்று அப்போது மனதில் போட்டுக்கொண்ட முடிச்சை அவள் அவிழ்க்கவே இல்லை.

அந்த ஒல்லி ஆசிரியர் இப்போது துறைத்தலைவர். ஒல்லியும் போய்விட்டது, முடியும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டுவார். ஆனால் எதுவும் ஆகாது. பிள்ளைகள் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பொருள் உடைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது தான்தானே என்கிற பயம் அவரை எப்போதும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

புது மைக்ராஸ்கோப் வேண்டும் என்று மேடம் வருஷக்கணக்கில் அவரை நச்சரித்தாள். சாதாரண மைக்ராஸ்கோப் இல்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, உயிரோடு இருக்கிற பாசியை வெட்டாமல் கொள்ளாமல் படலம் படலமாகப் பிரித்துக் காட்டுகிற சாதனம். ஆகட்டும், ஆகட்டும் என்றே காலம் ஓடியது. கடைசியில் அரசாங்கமே பல்கலைக்கழகங்களுக்கு இப்படிக் கருவிகள் தருவதாக அறிவித்தது. ஆராய்ச்சிக்கும் பயன்பட வேண்டும், மாணவர் பயிற்சிக்கும் பயன்பட வேண்டும், அதுதான் நிபந்தனை. மேடம் ராப்பகலாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். நேர்காணலில், "விலை உயர்ந்த சாதனமாச்சே, மாணவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பீங்க?" என்று கேட்டார்கள். "அவங்களே உட்கார்ந்து, அவங்க கையாலேயே இயக்கிப் பழகுவாங்க" என்றாள் மேடம். பக்கத்தில் இருந்த ஆகட்டும் சாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஆனால் கேட்டவர்களுக்கு அந்தப் பதில்தான் பிடித்துப்போனது. கிடைத்துவிட்டது! மேடத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிடைத்த பிறகுதான் தகராறே ஆரம்பித்தது. "அம்மா, எழுதுறது வேற, நடத்துறது வேற" என்றார் ஆகட்டும் சார். "உள் அறையில வெச்சுப் பூட்டிடலாம். ஆராய்ச்சி பண்றவங்க மட்டும் என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போகட்டும். பிள்ளைங்களுக்கு நீங்க வெச்சுக் காட்டுங்க. வரிசையா வந்து பார்த்துட்டுப் போகட்டும். அதுவும் பயிற்சிதானே?"

"அது பயிற்சி இல்லை சார், வேடிக்கை" என்றாள் மேடம்.

"உடைஞ்சா?"

"உடையாம எப்படித் தொடணும்னு சொல்லிக் கொடுக்கத்தானே நாம இருக்கோம்?"

மேடம் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் தலையைத் தடவினார், கண்ணாடியைத் துடைத்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைசியில், "ஆகட்டும். முதல் வகுப்பு நடக்கட்டும். நானே வந்து பார்க்கிறேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார். மேடத்துக்கு அவரைத் தெரியும். அவர் ஒருமுறை பூட்டச் சொன்னால் பூட்டினதுதான். அவர் ஓய்வு பெற்றுப் போனாலும் அந்தப் பூட்டு போகாது. அடுத்து வருகிறவரும் இதுதான் இங்கே வழக்கம் என்று சொல்லிவிடுவார். அந்த ஒரே வகுப்பில்தான் எல்லாம் இருந்தது.

பெட்டி வந்து இறங்கிய நாள் பெரிய கூத்து. துறை இருப்பது மேல்மாடியில். படிக்கட்டில் தூக்கினால் சாய்ந்துவிடும், சாயவே கூடாது என்கிறார் கம்பெனி இன்ஜினியர். லிஃப்டில் ஏற்றினால் பெட்டி உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது. ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்களே ஒழிய, வேலை நடக்கவில்லை. மேடம் புருஷனுக்கு ஃபோன் போட்டாள். அவன் வந்து பார்த்துவிட்டு, லிஃப்டுக்குள் இருந்த கைப்பிடிக் கம்பியையும் பக்கத் தகட்டையும் கழற்றி வெளியே வைத்தான். பெட்டி நூலிழை இடைவெளியில் உள்ளே போய்விட்டது. "டாக்டரம்மா, உங்க மெஷினையே நான்தான் மேல ஏத்திவிட்டேன். மறந்துடாதீங்க" என்றான். அதை அன்றைக்கு ஒருமுறை சொன்னானா, அந்த மாசம் முழுக்கச் சொன்னானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மைக்ராஸ்கோப்பை, அதிர்வு தட்டாத ஒரு கனத்த மேஜையில் நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "லென்ஸ் எங்கே?" என்றுதான். பழைய மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் மேலே இருக்கும். ஸ்லைடைக் குனிந்து பார்க்கும். இதில் லென்ஸெல்லாம் ஸ்லைடு வைக்கிற தட்டுக்கு அடியில். ஸ்லைடைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும். இன்ஜினியர் ஒரு வாரம் தங்கி மேடத்துக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார். அவர் கொண்டுவந்த மாதிரிகள் எல்லாமே அடியில் மெல்லிய கண்ணாடி வைத்த சின்னக் கிண்ணங்களில் இருந்தன. மேடமும் அதே போன்ற ஒரு கிண்ணத்தில் தன் குட்டைத் தண்ணீரை ஊற்றி வைத்துப் பார்த்தாள். அறையை இருட்டாக்கி நீல ஒளியைப் பாய்ச்சினால், அம்மாடி, பச்சைப் பாசி பச்சையாகவே இல்லை! ரத்தச் சிவப்பில் எரிந்தது. பாசிக்குள் இருக்கிற பச்சையத்தின் குணமே அதுதான், நீல ஒளியை வாங்கிச் சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கும். புத்தகத்தில் ஆயிரம் தடவை படித்தவள்தான். ஆனாலும் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

வகுப்புக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மகள், "ஏம்மா, உனக்கு நாளைக்குப் பரீட்சையா?" என்று கேட்டாள்.

"பரீட்சைதான்" என்றாள் மேடம்.

"படிச்சிட்டியா?"

"அதெல்லாம் தலைகீழாத் தெரியும்" என்று புருஷன் குறுக்கே விழுந்தான். "கேள்வி கேக்குறவர்தான் படிக்கலை." மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வகுப்புக்கென்று ஸ்லைடுகளை அவளே தயார் செய்தாள். பிள்ளைகள் மற்ற வகுப்புகளிலும் ஸ்லைடுதான் பயன்படுத்தப் போகிறார்கள். அதனால் கிண்ணம் வேண்டாம் என்று நினைத்தாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் ஒரு பாசி இழை, அதன்மேல் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய மூடுகண்ணாடி. காற்றுக்குமிழ் இல்லாமல் ஓரத்தில் இருந்து மெல்ல இறக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை, கை அதுபாட்டுக்குச் செய்தது. பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். முதலில் நான் செய்து காட்டுகிறேன், பிறகு ஒவ்வொருத்தராக உட்கார்ந்து செய்யுங்கள் என்றாள். கம்ப்யூட்டர் திரையில் காட்டுவது அடுத்த பாடம், முதலில் கண்ணால் பார்த்துப் பழகட்டும் என்று திரையை அணைத்து வைத்திருந்தாள்.

சாதாரண வெளிச்சத்தில், சின்ன லென்ஸில் காட்டினாள். இழை குட்டியாக, பச்சையாகத் தெரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள், உண்மையாகவே பார்த்தார்கள். அப்புறம் திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினாள். பெரிய லென்ஸின் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள், லென்ஸைத் திருப்பினாள், நீல ஒளியைப் போட்டாள். கண்ணை வைக்கக் குனிந்தாள். கதவு திறந்தது. ஆகட்டும் சார்!

பிள்ளைகள் விறைத்து நின்றார்கள். மேடமும் சட்டென்று எழுந்து ஒதுங்கி, "வாங்க சார், நீங்க முதல்ல பாருங்க" என்றாள். தலைவர் வந்தால் முதல் பார்வை அவருக்குத்தான். அது அந்தத் துறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அவர் குனிந்து பார்த்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். "ஆஹா! பிரமாதம்!" என்று நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் அதோடு விடவில்லை. பழைய பழக்கம் தலைதூக்கிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "வரிசையா வாங்க. பாருங்க. எதையும் தொடாதீங்க." அவ்வளவுதான், வரிசை தானாக உருவாகிவிட்டது. மேடம் வாயைத் திறப்பதற்குள் முதல் பையன் குனிந்துவிட்டான்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"அடுத்து."

"தெரியுது சார். சூப்பரா இருக்கு சார்."

கண்மூடித் திறப்பதற்குள் வகுப்பு முழுக்கப் பார்த்து முடித்துவிட்டது. ஆகட்டும் சாருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களாம்மா? எல்லாரும் அழகாப் பார்த்துட்டாங்க. மெஷின் மேல ஒரு கை படலை. இதுக்கு மேல என்ன பயிற்சி வேணும்? இப்படியே வெச்சுக்கலாம். சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஒரு வகுப்பே அவருக்குச் சாட்சியாக நின்றது. மேடத்துக்கு இத்தனை வருஷம் மோதியதெல்லாம் இதற்குத்தானா என்று மனசு விட்டுப்போயிற்று.

அப்போது பின்னால் ஒரு பெண் தோழியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. "எவ்ளோ அழகுல்ல? பச்சைப் பசேல்னு, சுருள் சுருளா."

மேடம் திரும்பினாள். "எதும்மா பச்சை?"

"பாசிதான் மேடம்."

"இப்பப் பார்த்தியே, அதுவா?"

"ஆமா மேடம். பச்சையா, பளிச்சுன்னு இருந்துச்சு."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீல ஒளியில் பாசி எப்படிப் பச்சையாகத் தெரியும்? நேராகப் போய் உட்கார்ந்து கண்ணை வைத்தாள். இருட்டு. நடுவில் லேசாக ஒரு சிவப்பு மங்கல், அதுவும் உண்டா இல்லையா என்கிற மாதிரி. திருகினாள். ஒன்றும் வரவில்லை. தட்டில் இருந்த ஸ்லைடைப் பார்த்தாள். மெல்லிய மூடுகண்ணாடி, கூரையைப் பார்த்துக்கொண்டு மேல்பக்கம் இருந்தது.

அட கடவுளே! பழைய மைக்ராஸ்கோப்பில் அப்படித்தான் வைக்க வேண்டும். லென்ஸ் மேலே இருந்து பார்க்கும், மெல்லிய பக்கம் மேலே இருக்க வேண்டும். இதில் லென்ஸ் கீழே. ஸ்லைடைக் கவிழ்த்து, மெல்லிய பக்கம் கீழே பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தடிமனான கண்ணாடி குறுக்கே நிற்கும். சின்ன லென்ஸ் எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். பெரிய லென்ஸால் முடியாது. கிண்ணத்தில் பார்த்த நாளெல்லாம் இந்தத் தொல்லையே எழவில்லை. இன்றைக்கு ஸ்லைடைக் கையில் எடுத்ததும், கை தன் பழைய வழக்கப்படி வைத்துவிட்டது. அந்தத் துறையிலேயே அதிகம் ஸ்லைடு வைத்த கை!

ஆக, யாரும் எதையும் பார்க்கவில்லை. வகுப்பும் பார்க்கவில்லை, பிரமாதம் என்றவரும் பார்க்கவில்லை.

சத்தமில்லாமல் ஸ்லைடைத் திருப்பி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. "இன்னொரு தடவை பாருங்க" என்றால் பார்ப்பார்கள். ஆனால் வரிசை நிலைத்துவிடும், பூட்டு விழுந்துவிடும். உண்மையைச் சொன்னால்? நீங்களே தப்பாக வைக்கிறீர்கள், இந்தப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்று கேட்பார். கேட்டால் நியாயம்தான். போதாக்குறைக்கு, தலைவரை வகுப்பு நடுவே தலைகுனிய வைத்ததாகவும் ஆகும். மேடம் அந்தப் பச்சை என்று சொன்ன பெண்ணைப் பார்த்தாள். எதுவும் தெரியாமல் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தது அந்தப் பெண். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பூசி மெழுக அவளால் முடியவில்லை.

"சார், இதுல ஒண்ணும் தெரியாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஸ்லைடை நான் மாத்தி வெச்சுட்டேன் சார். யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. முதல்ல நான் பார்த்துட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கணும். தப்பு என்னுது."

ஆகட்டும் சாரின் காது மடல் சிவந்தது. பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் அவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்களை நான் குத்தம் சொல்லலை. நானும் இதே வரிசையில நின்னவதான். இமை முடியைப் பார்த்துட்டுத் தெரியுதுன்னு சொன்னவதான்."

"யார் வகுப்புல?" என்றார் ஆகட்டும் சார்.

மேடம் தயங்கினாள். "உங்க வகுப்புலதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "எனக்கு இருட்டாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "புது மெஷின், இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். தெரியலைன்னு சொன்னா, கிழவனுக்குக் கண்ணு போச்சும்பீங்க. நான் படிச்சப்பவும் பக்கத்துல ஒருத்தர் நின்னாரு. நானும் அப்படியேதான் சொல்லிப் பழகிட்டேன்." அதைக் கேட்டதும் மேடத்துக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஆனால் மனுஷன் லேசில் விடுகிறவர் இல்லை. "எல்லாம் சரி. இத்தனை வருஷ அனுபவம் உள்ள நீங்களே மாத்தி வெச்சீங்களே. பிள்ளைங்க வெச்சா?"

"அனுபவம்தான் சார் என்னைக் கவுத்துடுச்சு" என்றாள் மேடம். "என் கை பழைய மெஷினுக்குப் பழகினது. இவங்க கை இன்னும் எதுக்கும் பழகலை. முதல்லயே இதுல பழகினா சரியாப் பழகும். தப்பு வைக்கட்டும் சார். வெச்சவங்களுக்குத்தான் தப்பு தெரியும். பார்த்துட்டுப் போறவங்களுக்கு அதுகூடத் தெரியாது."

அவர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். "லென்ஸுக்கு எதுவும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை சார். இடிச்சா உள்ள வாங்கிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க."

"ஆகட்டும்" என்றார். பிள்ளைகள் சோர்ந்து போனார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் அவர் தொடர்ந்து, "யார் முதல்ல உட்காருறீங்க?" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. வருஷக்கணக்கில் தொடாதே தொடாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தொடு என்றதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பச்சை என்று சொன்ன பெண் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆகட்டும் சார் பெருமூச்சு விட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானே உட்கார்ந்தார். "சொல்லும்மா, என்ன பண்ணணும்?"

மேடம் சொன்னாள். அவர் ஸ்லைடை எடுத்தார். ஒட்டியிருந்த எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்தார், ஸ்லைடைக் கவிழ்த்தார், தட்டில் வைக்கத் தெரியாமல் இரண்டு தடவை நழுவவிட்டார். மேடத்துக்குக் கை துறுதுறுத்தது. ஒரு விரலால் தள்ளிவிட்டால் உட்கார்ந்துவிடும். தள்ளவில்லை, இரண்டு கையையும் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று பின்னால் புருஷனிடம் சொன்னாள். புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, அவர் திருகைத் திருப்பினார். தவறான பக்கம் திருப்பினார். "அந்தப் பக்கம் இல்லை சார், மெதுவா" என்றாள். மறுபடி திருப்பினார்.

திருப்பிக்கொண்டிருந்த கை நின்றது. முதுகு நிமிரவில்லை. ஆஹாவும் இல்லை, பிரமாதமும் இல்லை. விரல் மட்டும் திருகில் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்துகொண்டிருந்தது. மேடம் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். அவர் கழுத்து, கன்னம், கண்ணோரச் சுருக்கம் எல்லாம் தளர்ந்து, சின்னப் பையன் ஒருவனை அங்கே உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான், வேறென்ன.

சுவரோடு ஒட்டியிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நகர்ந்து நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் எழுந்திருக்கிற வழியைக் காணோம். கடைசியில் அந்தப் பச்சைப் பெண்தான் பொறுக்கமாட்டாமல், "சார், எங்களுக்கும் நேரம் வேணும் சார். எழுந்திருங்க" என்றது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

"இரும்மா, இரு. இப்பத்தான் இழையோட ஒரு முனைக்கு வந்திருக்கேன்" என்றார் அவர், கண்ணை எடுக்காமலேயே. வகுப்பு சிரித்தது. மேடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒருவழியாக எழுந்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்று மேடத்திடம் சொன்னார். அந்தப் பெண் பாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர் என்று மறுபடியும் ஒரு வரிசை சேர்ந்தது. ஆகட்டும் சார் கதவு வரைக்கும் போனார். போய்விட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் திரும்பி நடந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். அவருக்கு முன்னால் நின்ற பையன் பதறிப்போய் வழிவிட்டான்.

"நில்லுப்பா" என்றார் அவர். "நீ பார்த்துட்டு அப்புறம் நான்."